பெயரை மாற்றினால் பழைய பிளாட்ஃபார்ம் பிழைக்குமா? ஏஎஸ்/400 முதல் ஐபிஎம் ஐ வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎம் நிறுவனத்தின் ஏஎஸ்/400 இப்போது ஐபிஎம் ஐ என்ற பெயரில் ஓடுகிறது. நடுவில் அதற்கு வேறு பல பெயர்களும் வந்து போயின. "ஐபிஎம்மே பெயரைக் கெடுத்துவிட்டது" என்பது ஒரு கட்சி. "இன்னொரு நல்ல பெயர் வைத்தால் விடிவு வரும்" என்பது இன்னொரு கட்சி. இதில் வேலை செய்கிறவர்கள் நடுவே இந்த வழக்கு ஓய்ந்ததே இல்லை. அதைச் சுற்றி எழும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பெரும்பாலும் ஏஎஸ்/400 பற்றித்தான் பேசுகிறேன், ஆனால் வயதான எந்தப் பிளாட்ஃபார்முக்கும் இதில் பாதி பொருந்தும்.

நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏஎஸ்/400 என்றால் என்ன?

1988 ஜூனில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய வணிகக் கணினி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் உருவானது. அதற்கு முன் அங்கே உருவான சிஸ்டம்/36, சிஸ்டம்/38 இரண்டுக்கும் பதிலாக வந்தது. வங்கி, கிடங்கு, தொழிற்சாலை, சில்லறை வணிகம், காப்பீடு எனக் கணக்கும் சரக்கும் புழங்கும் இடங்களில் வேரூன்றியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் 5250 டெர்மினலை எங்காவது பார்த்திருந்தால், அதன் பின்னால் இருந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதன் தனித்தன்மை, எல்லாம் ஒரே பெட்டியில் வந்தது. ஹார்டுவேர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், பாதுகாப்பு, பேக்கப் எதையும் தனித்தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. அடுத்த தனித்தன்மை, புரோகிராமுக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் ஓர் இடைமுக அடுக்கு. சிப் மாறினாலும் மேலே ஓடும் புரோகிராமுக்கு அது தெரியாது. 1995-இல் 48 பிட் சிப்பிலிருந்து 64 பிட் பவர்பிசி சிப்புக்கு மாறியபோது, புதிய சிப்புக்கு ஏற்ப மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டிய தகவல்களை நீக்காமல் வைத்திருந்த புரோகிராம்கள், புரோகிராமர் எழுதிய மூல வரிகள் (சோர்ஸ் கோடு) இல்லாமலே புதிய இயந்திரத்துக்கு மாறின. பிளாட்ஃபார்ம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

சரி, எத்தனை பெயர்கள்?

முக்கியமானவை மட்டும்: 1988-இல் ஏஎஸ்/400. 1997-இல் இணைய வணிக அலைக்காக வாலில் ஒரு "இ" சேர்த்து ஏஎஸ்/400இ. 2000-இல் ஐபிஎம் தன் சர்வர்கள் அனைத்தையும் இசர்வர் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தபோது ஐசீரிஸ். 2004-இல் ஐபிஎம்மின் சொந்தச் சிப்பான பவர்5-ஓடு ஐ5. 2006-இல் சிஸ்டம் ஐ. 2008-இல் ஹார்டுவேருக்குப் பவர் சிஸ்டம்ஸ் என்றும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஐபிஎம் ஐ என்றும் பெயர் பிரிந்தது.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தனியாக ஒரு வரிசை உண்டு: ஓஎஸ்/400, ஐ5/ஓஎஸ், ஐபிஎம் ஐ. ஐ5 என்று ஐந்தாம் தலைமுறை சிப்பின் எண்ணைப் பெயரில் போட்டவர்கள், அடுத்து பவர்6 வரும் என்பதை யோசித்தார்களா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசிப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஏஎஸ்/400 என்ற பெயர் வாழ்ந்தது 12 ஆண்டுகள், ஐபிஎம் ஐ அதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது.

அப்படியென்றால் ஏன் இன்னும் எல்லோரும் ஏஎஸ்/400 என்றே சொல்கிறார்கள்?

"பழைய ஆட்கள் மாற மாட்டார்கள்" என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. இயந்திரத்துக்குள்ளேயே பழைய பெயர்கள் கிடக்கின்றன.

இன்று எழுதும் ஒரு ஜாவா புரோகிராம் இதன் டேட்டாபேஸோடு இணைய வேண்டும் என்றால், ஐபிஎம்மின் கருவித்தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். அதில் இணைப்பு முகவரியில் ஏஎஸ்400 என்றுதான் எழுத வேண்டும். சர்வரைக் குறிக்கும் கிளாஸின் பெயரும் ஏஎஸ்400 தான். அதை மாற்றினால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் உடையும், அதனால் தொட முடியாது. பிழைச் செய்திகளைப் பாருங்கள்: பல செய்திகளின் எண் சிபிஎஃப் என்று தொடங்கும். அது சிஸ்டம்/38-இன் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர். அந்த இயந்திரம் அறிவிக்கப்பட்டது 1978-இல். தயாரிப்புப் பெட்டியின் மேல் எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும், ராத்திரி வேலை நின்றுபோய் புரோகிராமர் திரையைப் பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது அந்த மூன்றெழுத்துத்தான்.

பழைய புரோகிராமை உடைக்காமல் காப்பாற்றுவோம் என்பதே இந்தப் பிளாட்ஃபார்மின் வாக்குறுதி. அந்த வாக்கைக் காப்பாற்றினால் பழைய பெயர்களும் கூடவே வரும். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்க முடியாது.

பெயர் மாற்றம் எப்போதாவது இதற்கு உதவியிருக்கிறதா?

ஒரு முறை, என் கணக்கில். ஆனால் அது பெயரை மாற்றியது அல்ல, பெயரே இல்லாததற்குப் பெயர் வைத்தது.

ஏஎஸ்/400-இல் டேட்டாபேஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஒட்டியே பிறந்தது. தனிப் பொருள் இல்லை என்பதால் அதற்குத் தனிப் பெயரும் வைக்கவில்லை. இது வசதி போலத் தெரியும், ஆனால் "உங்களிடம் எந்த டேட்டாபேஸ் இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு சொல் கிடையாது. ஆரக்கிள் போன்ற பெயர்கள் ஓங்கி ஒலித்த காலம் அது. நல்ல ரிலேஷனல் டேட்டாபேஸை வைத்துக்கொண்டே "எங்களிடம் டேட்டாபேஸ் இல்லை, ஃபைல்கள்தான்" என்று நினைத்தவர்கள் நிறைய. 1990-களின் நடுவில் அதற்கு டிபி2/400 என்று பெயரிட்டார்கள். உள்ளே இருந்த ஒன்று அதன்பிறகுதான் வெளியே தெரிந்தது. ஒப்பந்தப் பட்டியலில் "டேட்டாபேஸ்" என்ற கட்டத்துக்குள் எழுத ஒரு பெயர் கிடைத்தது.

இருக்கும் ஒரு திறமை கண்ணில் படாமல் கிடந்தால் பெயர் உதவும். இல்லாத திறமையை எந்தப் பெயரும் கொண்டுவராது.

2008 மாற்றம்தான் பிளாட்ஃபார்மைக் கொன்றது என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகாரில் நியாயம் இருக்கிறது, முடிவில்தான் இல்லை.

நியாயம் இது. ஏஎஸ்/400 என்பது ஒரு முழு இயந்திரத்தின் பெயர். "எங்கள் ஆபீஸில் ஒரு ஏஎஸ்/400 இருக்கிறது" என்று சொல்லலாம், கையால் தொட்டுக் காட்டலாம். 2008-க்குப் பிறகு அந்த முழுமைக்குப் பெயர் இல்லை. பவர் என்ற ஹார்டுவேர், அதன் மேல் ஓடும் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ஒன்றாக ஐபிஎம் ஐ, பக்கத்தில் ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ், லினக்ஸ். எல்லாம் ஒரே பெட்டியில் என்பதுதான் இதன் பெருமை என்றேன். அந்தப் பெருமையைச் சொல்ல இருந்த ஒரே சொல்லை எடுத்துவிட்டார்கள். இருக்கும் பெயரும் ஒற்றை எழுத்து. தேடுபொறியில் அதைத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

இப்போது மறுபக்கம். அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு மாற்றம் இருந்தது. அதற்கு முன் ஐபிஎம் இரண்டு வரிசை இயந்திரங்களை விற்றது: சிஸ்டம் ஐ, யூனிக்ஸுக்கான சிஸ்டம் பி. உள்ளே இருந்த சிப் ஒன்றுதான், ஹார்டுவேரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தனி விற்பனைப் பிரிவு, தனி விலை. யூனிக்ஸ் பக்கம் மலிவு, ஐ பக்கம் விலை அதிகம் என்ற முணுமுணுப்பு நெடுநாளாக உண்டு. இரண்டையும் சேர்த்ததால் ஐ-க்கு மட்டும் தனியாக ஒரு இயந்திர வரிசையைக் கட்டிக்காக்கும் செலவு போனது. சிப் உருவாக்கும் செலவை ஏஐஎக்ஸும் லினக்ஸும் பங்குபோட்டுக்கொண்டன. அதன்பின் வந்த ஒவ்வொரு பவர் சிப்பிலும் ஐ ஓடியது. 2025-இல் வந்த பவர்11 வரை அப்படித்தான்.

சுருங்கிவரும் சந்தைக்குத் தனி ஹார்டுவேர் செய்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் பார்வையில் 2008-இல் அடையாளம் போனது, ஆயுள் கூடியது. இன்னும் நல்ல பெயர் வைத்திருக்கலாம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பழைய பெயரையே வைத்துக்கொண்டு தனி இயந்திரமாகவே தொடர்ந்திருந்தால் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை.

மற்ற பழைய பிளாட்ஃபார்ம்களுக்குப் பெயர் மாற்றம் என்ன செய்தது?

ஹெச்பி 3000 தான் இதில் சோகமான கதை. 1970-களில் தொடங்கிய வணிகக் கணினி. ஏஎஸ்/400 போலவே விசுவாசமான பயனர்கள் இருந்தார்கள். இணைய அலை வந்தபோது அதன் பெயரிலும் ஒரு "இ" சேர்த்து இ3000 ஆக்கினார்கள். பிளாட்ஃபார்முக்குப் புதுவாழ்வு என்று பயனர்கள் மகிழ்ந்தார்கள். 2001 நவம்பரில் ஹெச்பி அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பழைய கள், புதிய மொந்தை. அதிலும் மொந்தைக்கு வண்ணம் காய்வதற்குள் கடையை மூடிவிட்டார்கள்.

ஓப்பன்விஎம்எஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கதை வேறு விதம். 1977-இல் விஏஎக்ஸ்/விஎம்எஸ் என்று தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில், "ஓப்பன் சிஸ்டம்" என்ற கோஷம் உச்சத்தில் இருந்தபோது, முன்னால் "ஓப்பன்" சேர்ந்தது. யூனிக்ஸ் பக்கம் போனவர்களை அந்தச் சொல் திருப்பிக் கூட்டிவரவில்லை. உரிமையாளரும் டிஜிட்டல், காம்பாக், ஹெச்பி என்று மாறிக்கொண்டே போனார். 2013-இல் ஹெச்பி இதன் எதிர்காலத்துக்குக் கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த ஆண்டே விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்று, 2022-இல் அதைச் சாதாரண பிசி, சர்வர்களில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சிப்பில் ஓடவைத்தது. பெயர் அதேதான். காப்பாற்றியது சிப் மாற்றம்.

ஐபிஎம்மின் பெரிய கணினியான மெயின்ஃபிரேமுக்கும் பெயர்கள் நிறைய: சிஸ்டம்/360, 370, 390, இசட்சீரிஸ், சிஸ்டம் இசட், கடைசியில் 2017-இல் ஐபிஎம் இசட். ஆனாலும் அங்கே குழப்பம் குறைவு. யார் என்ன பெயர் வைத்தாலும் "மெயின்ஃபிரேம்" என்றால் ஊருக்கே புரியும். ஏஎஸ்/400-க்கு அப்படி ஒரு பொதுப்பெயர் அமையவில்லை. "மிட்ரேஞ்ச்" என்பது ஒரு அளவைச் சொல்கிறதே தவிர, ஓர் இயந்திரத்தைக் காட்டுவதில்லை. ராச்செஸ்டர் இயந்திரத்துக்கு மட்டும் பெயர் மாற்றம் இவ்வளவு வலித்ததற்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது.

உருப்படியான பெயர் மாற்றத்துக்கு உதாரணம் வேண்டும் என்றால் மேக் ஓஎஸ் எக்ஸ். 2001-இல் ஆப்பிள் பழைய மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓரம்கட்டி, நெக்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த அடித்தளத்தில் புதிதாகக் கட்டியதற்கு அந்தப் பெயரை வைத்தது. உள்ளே இருப்பது வேறு என்பதால் பெயரிலும் வேறுபாடு தேவைப்பட்டது. பெர்ல் 6 என்ற நிரல்மொழி 2019-இல் ராக்கு ஆனதும் அதே தர்க்கம்தான். பெர்ல் 5-க்கு அடுத்த பதிப்பு என்று எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், உண்மையில் அது தனி மொழி.

அப்படியானால் பெயர் மாற்றம் வீண், ஆனால் கெடுதல் இல்லை. அப்படித்தானே?

இல்லை, கெடுதல் உண்டு. யாரும் கணக்கில் எழுதாத கெடுதல்.

ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் பெயர் மட்டுமா மாறியது? அதோடு வரும் கருவிகளின் பெயர்களும் மாறின. கிளையன்ட் அக்சஸ் என்ற மென்பொருள் ஐசீரிஸ் அக்சஸ் ஆனது, அப்புறம் ஐபிஎம் ஐ அக்சஸ் ஆனது. கையேடுகளும் பயிற்சிப் புத்தகங்களும் அந்தந்தக் காலத்துப் பெயரில் நிற்கின்றன. ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடும் புதியவர் ஒரே கேள்வியை மூன்று நான்கு பெயர்களில் தேட வேண்டும். 2002-இல் யாரோ அருமையாக எழுதிய பதில் ஐசீரிஸ் என்ற பெயருக்குள் புதைந்து கிடக்கும். அது இன்றும் சரியான பதில்தான், ஏனென்றால் கட்டளை மாறவில்லை. ஆனால் தன் இயந்திரத்துக்கு அது பொருந்துமா என்பது அவருக்குத் தெரியாது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இதே கதை. ஐபிஎம் ஐ தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தால், பயோடேட்டாவில் ஏஎஸ்/400 என்று எழுதியவரை வடிகட்டும் மென்பொருள் தள்ளிவிடும். ஏற்கெனவே ஆள் கிடைக்காத துறையில், இருக்கிறவர்களையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது நல்ல வியாபாரம் இல்லை.

எங்கள் மேலாளர் "1988 இயந்திரத்தில் இன்னும் ஓட்டுகிறோமா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

உங்கள் இயந்திரத்தின் சிப் தலைமுறையையும் ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பையும் சொல்லுங்கள். பவர்10, 7.5 என்று சொன்னால் அது 2022-இல் வெளியான பதிப்பு. 1988 இல்லை. யூனிக்ஸ் 1969-இல் தொடங்கியது. அதன் வழிவந்த லினக்ஸை யாரும் பழைய சாமான் என்பதில்லை. அலுவலக ஆவணங்களில் ஏஎஸ்/400 என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது. பட்ஜெட் கூட்டத்தில் பெயர் உண்மையிலேயே வேலை செய்யும், எண்பதுகளின் பெயரைப் பார்க்கிறவர் எண்பதுகளின் இயந்திரத்தைத்தான் கற்பனை செய்வார்.

ஆனால் ஒன்றை நேர்மையாகப் பாருங்கள். இயந்திரம் புதிது, அதில் ஓடும் உங்கள் புரோகிராம் எப்போது எழுதியது? இந்த இயந்திரத்தின் முக்கிய நிரல்மொழியான ஆர்பிஜியில், ஒவ்வொன்றையும் அதற்கான நெடுவரிசை பார்த்து எழுத வேண்டிய பழைய முறையில் எழுதியது, ஆவணம் எதுவும் இல்லை, எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் மேலாளரின் கேள்வியில் பாதி சரிதான். புதிய இயந்திரம் பழைய புரோகிராமை அப்படியே ஓட்டுவதால், யாரும் அதைத் தொட வேண்டிய கட்டாயமே வரவில்லை. பிளாட்ஃபார்மின் பலம் பயனரைச் சோம்பேறி ஆக்கிவிட்டது.

இளைஞர்களை ஈர்க்க நல்ல பெயர் வேண்டாமா?

பெயரைக் கேட்டு யாரும் ஓடுவதில்லை. முதல் நாள் உட்காரவைக்கும் திரையைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

பழைய எடிட்டரான எஸ்இயூ பல ஆண்டுகளாகப் புதிய ஆர்பிஜி இலக்கணத்தைப் புரிந்துகொள்வதில்லை. ஆனால் ஆர்பிஜி மொழியே மாறிவிட்டது. 2013-க்குப் பிறகு பழைய நெடுவரிசைக் கட்டுப்பாடுகள் படிப்படியாகப் போய், மற்ற மொழிகளைப் போல எழுதலாம். இன்றைய புரோகிராமர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோடு எடிட்டரில் இதற்கென்று ஒரு நீட்சி இருக்கிறது, கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) பயன்படுத்தலாம், பைத்தானும் நோட்.ஜேஎஸ்ஸும் அதே இயந்திரத்தில் ஓடுகின்றன. பப்400 என்ற பொதுச் சர்வரில் இலவசமாகக் கணக்கு தொடங்கி வீட்டிலிருந்தே பழகலாம். கவனித்தீர்களா, புதியவர்களுக்குக் கதவு திறந்துவைக்கும் அந்தச் சர்வரின் பெயரிலும் 400 தான் இருக்கிறது. அதனால் யாரும் உள்ளே வராமல் போகவில்லை.

புதியவருக்குப் பச்சைத் திரையையும் எஸ்இயூவையும் மட்டும் கொடுத்துவிட்டு, "இளைஞர்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லும் நிறுவனங்களுக்கு எந்தப் பெயரும் உதவாது.

ஐபிஎம் இப்போது இன்னொரு முறை பெயர் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் இருப்பதே இந்தப் பெயரின் ஒரே நற்குணம், அதையும் கெடுக்க வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டு எதைப் பார்த்து எதிர்காலத்தைக் கணிப்பது?

முதலில் சிப்பைப் பாருங்கள். உரிமையாளர் அடுத்த தலைமுறை சிப்புக்குப் பிளாட்ஃபார்மைக் கொண்டுபோகிறாரா? விஎம்எஸ்ஸின் கதையே அதில்தான் திரும்பியது. அடுத்து, புதிய பதிப்புகளில் வருவது வெறும் பழுதுநீக்கமா, இல்லை யாரோ உட்கார்ந்து யோசித்துச் சேர்த்த வசதியா? 2025-இல் வந்த ஐபிஎம் ஐ 7.6-இல் பலபடி அடையாளச் சரிபார்ப்பு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே வந்தது. கைவிடப்போகும் பொருளில் யாரும் அப்படிப்பட்ட வேலையைத் தொடங்க மாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் நம்பியிருக்கும் வெளி நிறுவன மென்பொருளைப் பாருங்கள். அதன் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? பிளாட்ஃபார்ம் பிழைத்திருந்தும், அதன் மேல் இருந்த ஒரே ஒரு மென்பொருள் நிறுவனம் ஒதுங்கியதால் மாற வேண்டிய கட்டாயம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக உங்கள் அணியைப் பாருங்கள். முக்கியமான புரோகிராமைத் திறந்து மாற்றத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால், ஐபிஎம் என்ன முடிவெடுத்தாலும் உங்கள் இயந்திரத்தின் ஆயுள் அவருடைய பணிக்காலம்தான்.

பயோடேட்டாவில் எந்தப் பெயரைப் போடுவது?

மூன்றையும் போடுங்கள்: ஐபிஎம் ஐ, ஐசீரிஸ், ஏஎஸ்/400. அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்குக் கீழே எந்தப் பதிப்பில் வேலை செய்தீர்கள், ஆர்பிஜியைப் பழைய முறையில் எழுதினீர்களா புதிய முறையிலா, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் எந்த அளவுக்குத் தெரியும் என்று எழுதுங்கள். ஆள் தேர்ந்தெடுக்கும் புரோகிராமர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.